மானிட்டர் சொல்வதற்கு முன்

பூச்சிமருந்து உள்ளே போன நிலையில் கொண்டுவரப்பட்டவருக்கு அது மூன்றாம் நாள் காலை. வாயில் நுரை நின்றுவிட்டது. கண் திறந்து பார்க்கிறார், காபி கேட்கிறார். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் வார்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தலைமாட்டு மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 98. அப்போதுதான் டூட்டிக்கு வந்து பொறுப்பேற்ற சிஸ்டர் கட்டிலருகே நின்று, "அய்யா, கையை ஊனாம தலையை மட்டும் தூக்குங்க பாப்போம்" என்கிறார். அவர் முயல்கிறார். தலையணையை விட்டுத் தலை எழவில்லை. சிஸ்டர் டாக்டருக்குப் போன் செய்கிறார், வென்டிலேட்டரைத் தயாராக வைக்கச் சொல்கிறார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யூ.) செவிலியர் பார்க்கும் வேலை என்ன என்பதை இந்த ஒரு சோதனையைக் கொண்டே விளக்கிவிடலாம். திண்டுக்கல் சமவெளியில் அதை விளக்குவது இன்னும் எளிது. ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி, நிலக்கோட்டை பக்கம் பூ, அய்யலூர் பக்கம் தக்காளி, நத்தம் பக்கம் மா என்று ஏதாவதொரு வெள்ளாமை ஓடிக்கொண்டே இருக்கிற மண் இது. வெள்ளாமை இருந்தால் மருந்தடிப்பு இருக்கும். வரப்பில் பாம்பும் இருக்கும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும், பழநி வழியாகத் திருச்சிக்குப் போகும் 83ஆம் எண் சாலையும் இங்கே சந்திக்கின்றன. எல்லா ஊர் ஐ.சி.யூ.விலும் இருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தத்தில் கிருமி ஆகியவற்றோடு இந்த ஊர்க் கட்டில்களில் விஷமும் பாம்புக்கடியும் விபத்தும் வந்து சேர்கின்றன.

முதலில் அந்தத் தலை ஏன் எழவில்லை என்று பார்ப்போம். நரம்பு, தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலமாக. கட்டளை போய்ச் சேர்ந்த மறுகணமே அந்தப் பொருளைச் சிதைத்து இடத்தைத் துப்புரவாக்க ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. அசிட்டைல்கோலின் தேங்குகிறது, கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் பெருகுகின்றன. கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது. இதயத்துடிப்பு குறைகிறது. மூச்சுக்குழல்களில் நீர் சுரந்து, நோயாளி தன் நுரையீரலுக்குள் ஊறும் நீரிலேயே மூழ்கும் நிலைக்குப் போகிறார்.

இதற்கு மாற்று மருந்து அட்ரோபின். எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நிர்ணயித்த அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு ஊசி போட்டு ஐந்து நிமிடம் பார்ப்பது, நெஞ்சில் ஈரச் சத்தம் இன்னும் கேட்டால் அளவை இரட்டிப்பாக்குவது, மறுபடி ஐந்து நிமிடம் பார்ப்பது என்று போக வேண்டும். வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் பழைய முறையில் அட்ரோபின் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். இரட்டிப்பு முறையில், பிறகு சொட்டு மருந்தாகத் தொடர்ந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 8 சதவீதம். மருந்து அதேதான். மாறியது, எவ்வளவு நெருக்கமாகக் கூட இருந்து அளவைக் கூட்டினார்கள் என்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, அக்குளைத் தொட்டு ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பாவையில் டார்ச் அடித்துக் குறித்துவைக்க ஒரு ஆள் கட்டிலருகே இருந்தால் மட்டுமே இந்த முறை நடக்கும்.

அளவு மீறினாலும் ஆபத்துதான். உடம்பு கொதிக்கும், தோல் வறண்டுபோகும், வயிற்றில் குடல் சத்தம் நின்றுவிடும், நோயாளி போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டு இல்லாத ஆளோடு பேசுவார். அட்ரோபின் வியர்வைச் சுரப்பிகளை அடைத்துவிடுகிறது. வியர்க்காத உடம்பு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் தவிக்கும். சித்திரை வைகாசியில் திண்டுக்கல் வெயில் என்னவென்று தெரிந்தவர்களுக்கு, குளிர்சாதனம் பழுதான ஓர் அறையில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஈரம் காயும் வரை கூட்ட வேண்டும், காய்ச்சல் ஏறும் முன் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் நோயாளியை மணிக்கணக்காக நிறுத்திவைப்பவர் செவிலியர்.

இதையெல்லாம் தாண்டி வந்தவர்தான் மூன்றாம் நாள் காபி கேட்டவர். அப்போது வரும் ஆபத்தை முதன்முதலில் பெயரிட்டுச் சொன்னவர்கள் நம் பக்கத்து நாட்டுக்காரர்கள். கண்டியை அடுத்த பேராதனையில் பணியாற்றிய நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகிய இரு மருத்துவர்கள், 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விஷத்தின் முதல் வேகம் தணிந்து, ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள், கழுத்தும் தோளும் தொடையும் வலுவிழக்கின்றன. கூடவே மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. ஓயாத கட்டளையில் களைத்துப்போன தசை இனி எந்தக் கட்டளையையும் ஏற்பதில்லை. முதல் கட்டத்துக்கும் வாரக்கணக்கில் கழித்து வரும் நரம்புத் தளர்ச்சிக்கும் இடையில் வருவதால் இதற்கு இடைநிலை நோய்க்குறி என்று பெயர் வைத்தார்கள். அட்ரோபின் இதற்கு உதவாது. மூச்சை வென்டிலேட்டர் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலானோர் மீண்டுவிடுவார்கள். தளர்ச்சி முதலில் தெரியும் இடங்களில் ஒன்று கழுத்து. அதனால்தான் "தலையைத் தூக்குங்க". இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். நேற்று இருபத்தைந்து வரை எண்ணியவர் இன்று பன்னிரண்டில் மூச்சுவாங்கினால், அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது.

மானிட்டரில் 98 காட்டியதே, அது பொய்யா? பொய்யில்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட வழியில் பிறந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஒளியைக் கொண்டு அளக்கிறது. மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு மெலிந்து கரியமில வாயு உள்ளே சேரத் தொடங்கினாலும் அந்த எண் வெகு நேரம் இறங்காது. இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். தோல் நிறமும் அதற்கு ஒரு சிக்கல். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி சரி என்று காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்த நிலை வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். கருத்த தோல் அதிகமுள்ள நம் ஊரில் இந்த ஆய்வை ஐ.சி.யூ. செவிலியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பூச்சிமருந்தைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இலங்கை, 1995 வாக்கில் கொடிய நச்சு வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த அந்நாட்டின் தற்கொலை விகிதம் 2005இல் 24க்கு இறங்கியது. ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவு உள்ளே கட்டில்களைக் காலியாக்கியது. கட்டிலில் பிழைத்துக் கண் விழிப்பவரிடம் முதலில் பேசுபவரும் பெரும்பாலும் செவிலியர்தான். "ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று விசாரணை வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது; தண்டிக்கச் சொல்லவில்லை. மனம் உடைந்து இருப்பவர்கள் எந்நேரமும் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசலாம்.

இனி பாம்பு. கண்ணாடி விரியன் கடித்தால் அதன் விஷம் ரத்தத்தில் இருக்கும் உறைதல் காரணிகளைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. பிறகு ரத்தம் உறையாது. ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புதான். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலோ, சோப்புத் தூளில் கழுவிய குழாயில் வைத்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஆவலில் குலுக்கிப் பார்த்தாலும் சோதனை கெட்டது. விஷமுறிவு மருந்து ஏறிய பின் ஆறு மணி நேரம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்கிறார்கள். காலியான உறைதல் காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அந்த ஆறு மணி நேரமும் செவிலியரின் கண் சிறுநீர்ப் பையில் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து 10 மில்லி என்று சார்ட்டில் எழுதினால், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகத்தின் நிலை தெரிந்துவிடும். குனிந்து, பையின் கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, எண்ணை எழுதுவது பார்ப்பதற்குச் சாதாரண வேலை. டயாலிசிஸுக்கு மதுரைக்கு அனுப்புவதா இங்கேயே பார்ப்பதா என்ற முடிவுக்கு அடிப்படையாக அந்தக் கையெழுத்துதான் பல நேரம் இருக்கிறது.

கட்டுவிரியன் கதை வேறு. அது இரவில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்கு இமை தொங்கத் தொடங்கும். விஷம் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுவதால், விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் தசை உடனே திரும்பாது. நரம்பு நுனி புதிதாக வளர நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். முழுத் தளர்ச்சியில் இருப்பவரின் கை அசையாது, கண் திறக்காது, பாவைகூட விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்கும். பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்றே நினைப்பார்கள். அப்படித் தவறாகக் கருதப்பட்டு, பிறகு எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. உள்ளே அந்த மனிதர் விழித்திருக்கிறார். பேசுவது அத்தனையும் காதில் விழுகிறது.

அதனால் இந்த நோயாளியிடம் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். "அண்ணே, சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் சிரமமா இருக்கும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, உங்க வீட்டம்மா வெளியதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு சக்ஷன் போடுவது பண்புக்காக மட்டும் செய்வதில்லை. கிழமையும் நேரமும் இடமும் நினைவூட்டப்படும் நோயாளிகளின் மனக் குழப்பம் குறைகிறது என்று ஐ.சி.யூ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணையும் கவனிக்க வேண்டும். மூடாத இமைக்குக் கீழே கருவிழி உலர்ந்து புண்ணாகும்; பாம்பு விட்டுவைத்த உயிருக்குப் பார்வை போய்விடும். மருந்துக் களிம்பிட்டு இமையை மெல்ல மூடி ஒட்டுவது நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும் பகுதி உருவாகிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, இமையை ஒட்டும் அந்த விரல்கள்.

ஐ.சி.யூ. என்ற ஏற்பாடு பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1952இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தளர்ந்து கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதே முறையில் எல்லோரையும் காப்பாற்ற இயந்திரங்கள் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில், இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். செவிலியர்கள் சளி எடுத்தார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள், உணவூட்டினார்கள். இறப்பு விகிதம் சடசடவென்று இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் நகராட்சி மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதுவே உலகின் முதல் ஐ.சி.யூ. என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள் என்பதே அதன் முதல் விதி. வென்டிலேட்டர் பிறகு வந்து சேர்ந்தது.

அதே டென்மார்க்கில் 1956இல் விற்பனைக்கு வந்த ஆம்பு பை இன்றும் ஒவ்வொரு வென்டிலேட்டருக்கும் பக்கத்தில் தொங்குகிறது. மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் எழாமல் போனால், செவிலியர் குழாயைக் கழற்றிப் பையை மாட்டி அழுத்தத் தொடங்க வேண்டும். அதற்கு யோசிக்க நேரமில்லை. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்–திருச்சி சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். புகையில் லிப்டுக்குள் சிக்கியவர்கள். படுக்கையிலிருந்த நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஆம்புலன்ஸ்களில் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எந்த ஐ.சி.யூ.விலும் எந்த நோயாளியை யார் தூக்குவது, பையை யார் அழுத்துவது, எந்தப் படி வழியாக என்பது இரவு ஷிப்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒத்திகையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே தெரியாத வேலைகளில் சில, மருந்தைவிட அதிகம் சாதித்திருக்கின்றன. பார்சிலோனாவில் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், வென்டிலேட்டர் நோயாளிகளை மல்லாக்கப் படுக்கவைத்தபோது 34 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்தியபோது 8 சதவீதம். செலவு, கைப்பிடியைச் சுற்றியது மட்டும். ஆனால் நோயாளி வழுக்கிக்கொண்டே கீழே இறங்குவார். மறுபடி மேலே இழுத்துப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐ.சி.யூ.க்களில் பெரிய ரத்தக்குழாயில் ஊசி வைக்கும்போது கை கழுவுதல் முதலான ஐந்து படிகளைக் கட்டாயமாக்கினார்கள். டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. ஊசி உள்ளே இருந்த ஆயிரம் நாள்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யமானது. 2006இல் வந்த இந்தக் கட்டுரை உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. அந்த ஐந்து படிகள் நம் ஊர்ச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. "சார், கை கழுவலைங்க" என்று இருபத்துநாலு வயது ஸ்டாஃப் நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொல்லக்கூடிய சூழல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. சுவரொட்டியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டால் தொற்று குறையாது.

அலாரத்தின் கதை ஒரு தனிப் பாடம். சான்பிரான்சிஸ்கோவில் 77 ஐ.சி.யூ. கட்டில்களை 31 நாள் கண்காணித்த ஆய்வு 2014இல் வெளியானது. அந்த ஒரு மாதத்தில் மானிட்டர்கள் எழுப்பிய எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கு மேல். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் நாளொன்றுக்குக் கட்டிலுக்கு 187. ஒயர் நழுவினாலும், நோயாளி புரண்டாலும்கூட மணி ஒலிக்கும். ஓயாமல் ஒலிக்கும் மணியைக் காது ஒரு கட்டத்தில் ஒதுக்கத் தொடங்கும்; அது மூளையின் இயல்பு, எவருடைய அசட்டையும் இல்லை. ஒருவர் இரண்டு கட்டில்களைப் பார்த்தால் எந்த மணி யாருடையது, எது பொய் என்று பழகிவிடும். ஆறு கட்டில்களைப் பார்த்தால் எல்லாமே இரைச்சல்.

ஆக, பேச்சு எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு இருவருக்கு ஒருவர் என்பது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே வலியுறுத்தும் அளவு. ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அது ஐ.சி.யூ.வை மட்டும் வைத்துச் செய்த கணக்கு அல்ல. மூச்சுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருப்பவர்களிடம் இந்த விலை குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

கோவிட் காலத்தில் இதை நாடே பார்த்தது. பி.எம். கேர்ஸ் நிதியில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்கப்படும் என்று 2020இல் அறிவித்தார்கள். பல மாநிலங்களில் அவற்றில் கணிசமானவை கையாளப் பழகியவர்கள் இல்லாமல் மூலையில் நின்றன. வென்டிலேட்டரைச் சில வாரங்களில் செய்துவிடலாம். தலையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கத் தெரிந்த செவிலியரை உருவாக்கப் படிப்பும் அதற்கு மேல் சில ஆண்டு அனுபவமும் வேண்டும். அப்படி அனுபவம் பெற்றவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? 2015இல் தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு சம்பளம் படிப்படியாக உயர்ந்தது. நிரந்தரப் பணிக்கான கோரிக்கை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. ஐ.சி.யூ. அனுபவம் இரண்டு ஆண்டு சேர்ந்ததும் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விண்ணப்பிப்பவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

திண்டுக்கல்லில் வசதி கூடியிருப்பது உண்மை. ஒட்டன்சத்திரத்தில் ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் என்ற இரு மருத்துவர்கள் 1955இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை கிராமத்து நோயாளிகளை நம்பியே வளர்ந்தது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் காணொளி வழியாகத் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முன்பு எதற்கெடுத்தாலும் 60 கிலோமீட்டருக்கு அப்பால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தவர்களில் பலர் இன்று இங்கேயே பிழைக்கிறார்கள். இந்தத் திறப்பு விழாக்களில் எல்லாம் கட்டில் எத்தனை, இயந்திரம் எத்தனை, கோடி எத்தனை என்று சொல்லப்படுகிறது. செவிலியர் எத்தனை என்ற எண்ணும் அதே மேடையில் சொல்லப்பட வேண்டும். அந்த எண் இல்லாமல் சொல்லும் மற்றக் கணக்கு பாதிக் கணக்கு.

உங்கள் வீட்டில் ஒருவரை ஐ.சி.யூ.வில் சேர்க்க நேர்ந்தால், என்ன மெஷின் இருக்கிறது என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இரவு ஷிப்டில் எத்தனை பெட்டுக்கு ஒரு சிஸ்டர்? அரசு மருத்துவமனையோ தனியாரோ, அது கேட்கத் தகுந்த கேள்விதான். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவர், மற்றவர்களில் இருவருக்கு ஒருவர் என்பது பதிலாக வர வேண்டும். பதில் வேறாக இருந்தால் கோபத்தை அந்த சிஸ்டரிடம் காட்டாதீர்கள். மருத்துவமனை நிர்வாகத்திடமும் மாவட்ட மருத்துவ அதிகாரிகளிடமும் எழுதிக் கொடுங்கள்.